துணி அலமாரிக்குள் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம்

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம். வெளியே 33 டிகிரி வெயில். பாட்டுப் பதிவில் இரைச்சல் ஏறக் கூடாதென்று வீட்டில் ஏசியை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜையும் அணைத்தாயிற்று. மறுபடி போட மறந்துவிடக் கூடாதென்று கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சாவி எடுக்காமல் யாரும் வீட்டை விட்டுப் போக முடியாது அல்லவா. மாடியில் துணி அலமாரிக்குள், என் சட்டைகளுக்கும் மனைவியின் புடவைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு ஒரு கணக்கு வாத்தியார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, பனியில் குதிரை வண்டி ஓட்டுவது எவ்வளவு குதூகலம் என்று பாடிக்கொண்டிருக்கிறார்.

அலமாரி என்றதும் நம்மூர் பீரோவை நினைக்க வேண்டாம். இங்கே அமெரிக்க வீடுகளில் அது ஆள் உள்ளே போய்த் திரும்பி வரக்கூடிய ஒரு குட்டி அறை. எங்கள் ஸ்டூடியோ அதுதான்.

நாங்கள் இருப்பது இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ். டீசல் எஞ்சின் ஊர். வாத்தியம் இல்லாமல் குரலால் மட்டுமே பாடும் குழு எங்களுடையது, மொத்தம் ஆறு பேர். ஆண்களில் அடிக்குரலான பாஸ் பாடுபவர் எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். ஆண்களில் மேல்குரலான டெனர், மேலே சொன்ன கணக்கு வாத்தியார். பெண்களில் கீழ்க்குரலான ஆல்டோ ஒரு நர்ஸ். மேல்குரலான சோப்ரானோ அவருடைய தங்கை. ஆண்களில் நடுக்குரலான பாரிடோன் என் பக்கத்து வீட்டுக்காரர். ஆறாவது ஆள் நான். எனக்குப் பாடத் தகுந்த குரல் கிடையாது. திருச்சியில் பள்ளிக்கூட நாட்களில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். விரல் மறந்துவிட்டாலும் வாய் மறக்கவில்லை. அதனால் வாய்த் தாளம் என் பொறுப்பு. ஒலிப்பதிவும் என் தலையில்தான் விழுந்தது, ஏனென்றால் மைக் வைத்திருந்தவன் நான்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், பக்கத்து ஊரிலிருந்து. ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம், ப்ளூமிங்டன். அங்குள்ள இண்டியானா பல்கலைக்கழக மாணவர்கள் 1996ல் தொடங்கிய, வாத்தியம் இல்லாமல் பாடும் ஆண்கள் குழு ஸ்ட்ரெய்ட் நோ சேஸர். கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்கள் பாட்டை அவர்கள் 1998ல் மேடையில் பாடினார்கள். நாள்களை எண்ணிக்கொண்டே போகும்போது வழி தவறி வேறு கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குள் போய் விழுவார்கள், திரும்பி வருவார்கள், கடைசியில் சம்பந்தமே இல்லாமல் டோட்டோ குழுவின் 'ஆப்பிரிக்கா'வில் போய் முடிப்பார்கள். அந்தப் பழைய வீடியோ 2006ல் யூடியூபில் ஏறியது. 2007 டிசம்பரில் அது ஊரெல்லாம் பரவ, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விட்ட அந்தப் பழைய மாணவர்களைக் கூப்பிட்டு, 2008ல் 'ஹாலிடே ஸ்பிரிட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டது. எங்கள் பாஸ்காரர் அந்த ஆல்பத்தைப் பதினைந்து வருடமாகக் காரில் வைத்திருக்கிறார். நாமும் ஒன்று செய்தால் என்ன என்று ஒரு பார்பெக்யூவில் கேட்டார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்டில் ஏன்? நவம்பரில் மக்கள் கேட்க ஆரம்பிக்கும் பாட்டு அக்டோபரில் தயாராக இருக்க வேண்டும். திருத்த, குரல்களை ஒன்றாகக் கலக்க இரண்டு மாதம் என்றால் கோடையில்தான் பாடியாக வேண்டும். பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். 'லெட் இட் ஸ்னோ' எழுதப்பட்டது 1945 ஜூலையில், ஹாலிவுட்டில், கொளுத்தும் வெயிலில். பனியே பெய்யாத ஊரில் பனியை வேண்டி எழுதியிருக்கிறார்கள். எங்களுக்காவது அலமாரியின் மேல் தட்டில் மஃப்ளர் இருந்தது.

முதல் தடங்கல் பாட்டுத் தேர்வு. எங்கள் யோசனை வரிகளை மாற்றி வேடிக்கையாகப் பாடுவது. சிவப்பு மூக்கு மானை வைத்து ஒரு முழுப் பாட்டே எழுதி வைத்திருந்தார் பாரிடோன். அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் ஏற்கெனவே வெளியிட்ட பாட்டை நாமும் பதிவு செய்து விற்கலாம், பிரதிக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும். 2024ல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு 12.4 சென்ட். ஆனால் அந்த உரிமம் பாட்டை உள்ளபடி பாடத்தான். வரியை மாற்றினால் செல்லாது. பகடி என்று சொல்லித் தப்பலாம் என்றால், 1994ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பகடி அந்த மூலப் பாட்டையே கேலி செய்வதாக இருக்க வேண்டும். பாரிடோன் எழுதியதோ மானை விட்டுவிட்டு வீட்டுக் கடன் வட்டியைக் கேலி செய்தது. சரி, வேண்டாம். 1928க்குள் அச்சான பாட்டுகள் மட்டும் என்று முடிவு செய்தோம். அவை 2024ல் எல்லோருக்கும் பொது. மானும், தொப்பி வைத்த பனி மனிதனும் அந்த வேலிக்கு வெளியே போய்விட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. பழைய பாட்டுகளுக்குள்ளேயே போதுமான கிறுக்குத்தனம் இருக்கிறது.

'ஜிங்கிள் பெல்ஸ்' 1857ல் அச்சானபோது அதன் பெயர் ஒற்றைக் குதிரைப் பனிவண்டி. பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் முதல் சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதில் பையன் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார்த்தி ஓட்டிக்கொண்டு போய் வண்டியைக் கவிழ்த்துவிடுகிறான். நாங்கள் அங்கிருந்துதான் தொடங்கினோம். வண்டி கவிழ்ந்தபின் குதிரைக்கு ஓட மனசில்லை. வேகம் குறைந்துகொண்டே போகும்.

பன்னிரண்டு நாட்கள் பாட்டில் வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் பரிசும் திரும்ப வருவதால் மொத்தம் 364 உருப்படி, அதில் 184 பறவை. எங்கள் பாட்டில் நர்ஸம்மா சரக்குக் கணக்கு எழுதுபவராக வருவார். ஏழாம் நாள் அன்னங்கள் வந்து இறங்கும்போது வீட்டில் நிற்க இடமிருக்காது. எட்டாம் நாளுக்குப் போகவே இல்லை. அந்தப் பாட்டை முழுசாகப் பாடுவது என் கருத்தில் கேட்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

'டெக் த ஹால்ஸ்' வேல்ஸ் நாட்டுப் புத்தாண்டு மெட்டு. எங்கள் பதிப்பு, அதில் ஃப ல ல ல மட்டும் பாடச் சபிக்கப்பட்ட ஒருவரின் புகார். அடுத்து உக்ரைனின் 'ஷெட்ரிக்', லியோன்டோவிச் அமைத்தது. ஆங்கிலத்தில் மணிகளின் பாட்டு என்று பிரபலம். அந்த ஆங்கில வரிகள் 1936ல் எழுதப்பட்டவை, அவற்றைத் தொட முடியாது. மெட்டு 1916லேயே கீயெவில் பாடப்பட்டது, அதுவும் வாத்தியமே இல்லாத கோரஸுக்காக. நாலு ஸ்வரம் திரும்பத் திரும்ப வருமே, அதில் 'பார்சல் வந்துச்சா' என்ற கேள்வியை ஆங்கிலத்தில் நாலே அசையில் வைத்தோம். கடைசியில் 'சைலன்ட் நைட்'. 1818ல் ஆஸ்திரிய கிராமம் ஒன்றில் முதன்முதலாகப் பாடியது. எங்கள் பதிப்பில் பாடுபவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போவார்கள். பாஸ் மட்டும் மிச்சம். அப்புறம் அவரும். குறட்டையோடு முடியும்.

ஐந்து பாட்டு, பதினாறு நிமிடம். ஆல்பம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

அலமாரிக்கு வருவோம். தொங்கும் துணிகள் எதிரொலியை நன்றாகக் குடிக்கும். எதிர்ச் சுவரில் வீடு மாற்றுபவர்கள் சாமான் மேல் போடும் கனத்த போர்வை இரண்டைத் தொங்கவிட்டேன். தரையில் மெத்தை. மைக்குக்கு முன்னால் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி, ப, ட எழுத்துகளின் காற்றுக்குத் தடுப்பு. இதற்கு மட்டும் கடையில் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் துணி குடிப்பது மேல் ஒலிகளைத்தான். 100 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஆழமான ஒலி துணியைச் சட்டையே செய்யாது, சின்ன அறையில் சுவருக்குச் சுவர் மோதிப் பானைக்குள் பேசுகிற மாதிரி பூம் என்று நிற்கும். சோப்ரானோ அலமாரியில் வெண்ணெயாக இருந்தார். பாஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தவர் போல இருந்தார். ஒரு வாரம் ஈக்யூவை, அதாவது மேல், கீழ் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியை, திருகிப் பார்த்துவிட்டு அவரைக் கூடத்துக்கு மாற்றினேன். சோபா, திறந்த படிக்கட்டு, உயரமான கூரை. பிரச்சினை அன்றே தீர்ந்தது. அந்த ஒரு வாரம் எனக்குத் திரும்ப வராது.

பாஸுக்கு இன்னொரு ஏற்பாடும் தேவைப்பட்டது. மாலையில் அவர் குரல் ஏ என்ற ஸ்வரம் வரைக்கும் இறங்கும், 110 ஹெர்ட்ஸ். பாட்டுக்கு வேண்டியது அதற்கும் கீழே உள்ள எஃப், 87 ஹெர்ட்ஸ். மென்பொருளில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடலாம், பலர் செய்கிறார்கள், கேட்டால் ரோபோவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். தூங்கி எழுந்த குரலில் அந்த எஃப் இருக்கிறது என்பதை அவரே கண்டுபிடித்தார். இரவெல்லாம் குரல் நாண்கள் லேசாக உப்பித் தடித்திருக்கும், கனத்த கம்பி மெதுவாக அதிர்வது போல. ஆகவே மூன்று சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், காபியும் குடிக்காமல் வந்து கதவைத் தட்டுவார். ஏழு மணிக்குள் பாடி முடித்துவிட வேண்டும். அப்புறம் எஃப் போய்விடும்.

எல்லோரையும் தனித்தனியாகப் பதிவு செய்ததால் எல்லோர் காதிலும் ஒரு தாளத் தட்டு ஓடும். அதில்தான் பெரிய விபத்து. வாத்தியாருக்குத் தன் குரலைத் தானே கேட்டால்தான் பாட வரும். ஹெட்போனின் ஒரு காதைக் கழற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கழற்றிய காதிலிருந்து தட்டு ஒழுகி, டிக் டிக் என்று மைக்கில் ஏறியது. பாடும்போது தெரியவில்லை. மற்றவர்கள் நிறுத்தி அவர் மட்டும் பாடும் இடத்தில், அதுவும் குதிரை தளர்ந்து வேகம் நிமிடத்துக்கு 132 தட்டிலிருந்து 76க்கு இறங்கும் இடத்தில், தெளிவாகக் கேட்டது. நான் கவனித்தபோது அவர் குடும்பத்தோடு ஃப்ளோரிடா கடற்கரையில் இருந்தார்.

சத்தம் நீக்கும் செருகு நிரல்களைப் போட்டுப் பார்த்தேன். தட்டும் போகும், கூடவே அவர் உச்சரிப்பின் க, ட எல்லாம் போகும். இரவு பதினொரு மணிக்கு எரிச்சலில் நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்கினேன். க்ளாக். குதிரைக் குளம்பு. அட!

அதற்குமேல் பத்து நிமிட வேலைதான். ஒழுகிய ஒவ்வொரு தட்டின் மேலும் சரியாக ஒரு குளம்படியை வைத்தேன். தொடக்கத்தில் தகிட தகிட என்று திஸ்ர நடையில் பாய்ச்சல், அப்புறம் ஒவ்வொரு அடியாகத் தளர்ந்து, கடைசியில் ஒற்றைக் க்ளாக். தட்டு முழுசாக மூடிவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்தக் குதிரையைப் பற்றித்தான். வாத்தியார் ஊர் திரும்பியதும் அது தன் யோசனை என்கிற மாதிரி தலையாட்டினார். மறுபதிவுகளுக்கு தட்டின் கூர்மையான ஒலியை எடுத்துவிட்டு மொத்தையான டும் ஒலியை வைத்தேன், கழற்றும் காதின் பக்கத்தையும் ஊமையாக்கினேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். செய்திருந்தால் குதிரை வந்திருக்காது.

'ஸ்' கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் பெல்ஸ் என்று முடித்தால் ஐந்து ஸ் ஐந்து நேரத்தில் வரும். புற்றுக்குள் கை விட்ட மாதிரி இருக்கும். கோரஸ்காரர்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம், ஒருவர் மட்டும் ஸ் சொல்ல மற்றவர்கள் விழுங்கிவிடுவது. நர்ஸம்மாவை நியமித்தோம். ஒரு இடத்தில் அவரும் மறந்துபோய் விழுங்கிவிட்டார். ஐந்து பேர் பாடிய ஜிங்கிள் பெல்லில் ஒற்றை மணிதான் இருந்தது. வேறு இடத்திலிருந்து ஒரு ஸ் வெட்டி ஒட்டினேன்.

இனி, என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 'சைலன்ட் நைட்'டில் எல்லோரும் தூங்குவதற்கு முன் சேர்ந்து பிடிக்கும் கடைசி நீளமான கோர்வை, அதாவது மூன்று ஸ்வரம் ஒரே நேரத்தில் ஒலிப்பது. எஃப், சி, ஏ. நம் கணக்கில் ச, ப, க. ஒருவரைப் பார்த்து ஒருவர் பாடினால் தானாகச் சரியாகும் சுருதி, தனித்தனியாக அலமாரியில் பாடும்போது ஆகாது. ஒருவர் கொஞ்சம் மேலே, ஒருவர் கீழே. திருத்தும் மென்பொருளில் எல்லோரையும் இழுத்து கீபோர்டு ஸ்வரத்தில் துல்லியமாக உட்கார வைத்தேன். திரையில் எல்லாம் நேர்க்கோடு. கேட்டால் உயிரில்லை. சத்தம் இருக்கிறது, ஆனால் மெல்லிய நடுக்கம் ஒன்று உள்ளே ஓடுகிறது, ட்யூப்லைட் கெடப்போகும்போது இருக்குமே அப்படி.

அன்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா அது, ஆர்மோனியமா?"

"இல்லம்மா, மனுஷங்கதான் பாடுறாங்க. மெஷின்ல சுருதி சரிபண்ணியிருக்கேன்."

"சரி பண்ணியிருக்கியா? காந்தாரம் மேல நிக்குதே. தம்புரா வெச்சுப் பாடச் சொல்ல வேண்டியதுதானே?"

அம்மா கச்சேரி பாடுபவர் இல்லை. நாற்பது வருடம் கேட்டவர். போனை வைத்ததும் தம்புரா செயலியை எஃப் சுருதியில் ஓடவிட்டு உட்கார்ந்தேன். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத ஒரு அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். ஷட்ஜத் தந்தியின் அதிர்வோடு ஐந்து மடங்கு வேகத்தில் கூடவே எழும் ஒலி, அதன் ஐந்தாவது மேலொலி அது. இயற்கை கொடுக்கும் காந்தாரம் ச-வுக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்கும். கீபோர்டின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் அதிகம். அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குதான் சென்ட். காதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். எஃப் 174.6 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் மேலொலி 873. கீபோர்டு ஏ 220. அதன் நான்காம் மேலொலி 880. இரண்டும் மோதுவதில் வினாடிக்கு ஏழு துடிப்பு. பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால் நாம் கண்டுகொள்வதில்லை. ஐந்து பேர் எட்டு வினாடி பிடித்து நின்றால் அந்த ஏழு துடிப்புதான் ட்யூப்லைட்.

ஏ பாடியது நர்ஸம்மா. அவர் தடத்தை மட்டும் எடுத்து 14 சென்ட் கீழே இறக்கினேன். 218.3. பஞ்சமத்தை இரண்டு சென்ட் ஏற்றினேன். வேறெதையும் தொடவில்லை. ப்ளே அழுத்தினேன்.

அறையில் யாரோ கதவைத் திறந்த மாதிரி இருந்தது. நடுக்கம் நின்றுவிட்டது. அதோடு, யாருமே பாடாத ஒரு ஸ்வரம் மேலே மணி மாதிரி மிதந்தது. இங்கே பார்பர்ஷாப் என்ற முடி திருத்தும் கடைப் பாணியில் நாலு பேர் சேர்ந்து பாடுபவர்கள் அதற்காகவே உயிரை விடுவார்கள். கோர்வை மணியடிக்கிறது என்பார்கள். அம்மாவுக்கு அனுப்பினேன். "இப்ப சேந்திருக்கு" என்று ஒரே வரி.

அப்புறம் பெரிய கோர்வைகள் எல்லாவற்றையும் இதே மாதிரி கையால் வைத்தேன். மறுபதிவுகளில் காதில் தாளத் தட்டோடு தம்புராவும் ஓடவிட்டேன். சுருதி மாதா, லயம் பிதா என்று சொல்லிக் கொடுத்த மிருதங்க வாத்தியார் ஞாபகம் வந்தார். ஜிங்கிள் பெல்ஸுக்குத் தம்புரா போட்டது தெரிந்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

வேடிக்கைப் பாட்டுக்கு இவ்வளவு ஏன் என்று பாரிடோன் கேட்டார். சுருதி சேர்வதற்கு முன்னும் பின்னும் அந்தக் குறட்டையைப் போட்டுக் காட்டினேன். முன்னதில் குறட்டை இன்னொரு தப்பு போலக் கேட்டது. ஏற்கெனவே ஆடும் நாற்காலியிலிருந்து ஒருவர் விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை. பின்னதில், அந்த மணியோசை மெல்ல அடங்கி, தேவாலயமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது க்ர்ர்ர். பாரிடோன் டீயைத் துப்பிவிட்டார்.

குறட்டையை எங்கே வைப்பது என்பதில் மட்டும் ஒரு மாலை போயிற்று. அதன் சுருதியை பஞ்சமத்துக்கு இழுத்து வைத்தேன், பஞ்சமம் வந்தால் காது ஷட்ஜத்துக்குக் காத்திருக்கும். நேரம்தான் பிடிபடவில்லை. தாளத்தின் மேலேயே வைத்தால் பாட்டின் பகுதி போல ஆகிறது. இரண்டு எண்ணிக்கை தள்ளினால் பாட்டு முடிந்ததென்று கேட்பவர் எழுந்துவிடுகிறார். ஒன்று, ஒன்றே கால் என்று நகர்த்தி நகர்த்தி, ஒன்றரை இடத்தில் உட்கார்ந்தது. பல கீர்த்தனைகளில் பாட்டு தொடங்கும் எடுப்பு இருக்கும் அதே ஒன்றரை இடம். மனைவி, பக்கத்து வீட்டுப் பையன், தபால் கொடுக்க வந்தவர் மூவரிடமும் போட்டுக் காட்டினேன். மூவரும் அங்கேதான் சிரித்தார்கள். ஆராய்ச்சிக்கு இது போதாது, எனக்குப் போதும்.

சிரிப்பில் இன்னொரு சங்கடம், பாடுபவர்களுடையது. முதல் முறை பாடும்போது சிரித்துக் கெடுக்கிறார்கள். நாற்பதாவது முறை செத்த முகத்தோடு பாடுகிறார்கள், அது குரலில் தெரிகிறது. பிறகு ஒத்திகை முழுவதும் லா லா மட்டும், வேடிக்கை வரிகள் பதிவு அன்றுதான் கைக்கு வரும் என்று மாற்றினோம். சுருதி பழகியிருக்கும், ஜோக் புதிதாக இருக்கும். சரக்குக் கணக்குப் பாட்டில் நர்ஸம்மாவின் குரல் ஒரு இடத்தில் லேசாக உடையும். அது நடிப்பில்லை.

கலப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய்த் தாளத்துக்கு எஸ்எம்58 மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துத் தோம் சொன்னால் கீழ் ஒலி தானே வீங்கும்; 70 ஹெர்ட்ஸில் கொஞ்சம் தூக்கி, 300ல் வெட்டினால் டிரம் போல விழுகிறது. பாஸும் தாளமும் நடுவில், மற்றவர்கள் அரைவட்டத்தில். எதிரொலி எல்லோருக்கும் ஒரே மண்டபம். ஆளுக்கொரு மண்டபம் போட்டால் கான்ஃபரன்ஸ் கால் மாதிரி இருக்கும். மூச்சை வெட்டாதீர்கள். முதலில் எல்லா மூச்சையும் சுத்தமாக வெட்டினேன், ஆட்கள் எப்போது செத்தார்கள் என்று பாஸ்காரர் கேட்டார். திரும்ப ஒட்டினேன்.

கடைசியாக ஐஸ்கிரீம் வண்டி. சோப்ரானோவின் தடம் ஆகஸ்ட் மாதம் நாலு மணிக்குப் பதிவானது. தூங்குபவர்களில் அவர்தான் முதல் ஆள். நீளமான மேல் ஸ்வரம் ஒன்றைப் பிடித்து, அதையே கொட்டாவியாக மாற்றி இறங்க வேண்டும். ஒரே முறைதான் அது சரியாக வந்தது. அற்புதமாக வந்தது. அதே நேரத்தில் தெருமுனையில் ஐஸ்கிரீம் வண்டி தன் டிங்கிடி டிங்கிடி மெட்டைப் போட்டது. மூடிய ஜன்னல், போர்வை, புடவைகள் எல்லாவற்றையும் தாண்டி மெல்லியதாக உள்ளே வந்துவிட்டது. கேட்டது எனக்கு மட்டும்தான், அதுவும் ஹெட்போனில். மறுபடி பாட அழைத்தேன். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சரியானபோது அந்தக் கொட்டாவி வரவில்லை. எட்டு முறை பாடினார். எட்டும் நல்ல கொட்டாவிதான், பாட்டுதான் இல்லை.

அலைவரிசைப் படத்தில் வண்டியின் மணிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்துப் பார்த்தேன். அழித்த இடமெல்லாம் குரலில் பொத்தல். அதன் சுருதியும் எஃப் இல்லை, ஈ-க்கும் எஃப்புக்கும் நடுவில் எங்கோ. கடைசியில் பழைய பதிவையே வைத்தேன். எதிரொலியைக் கொஞ்சம் கூட்டி, தூங்குபவரின் கனவில் எங்கோ கேட்பது போலப் புதைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் எல்லாத் தளங்களிலும் ஏற்றினோம். நூறு சிடி போட்டது தப்பு. வாங்கியவர்களில் பாதிப் பேரிடம் அதைப் போட எதுவும் இல்லை. டிசம்பரில் பாஸ்காரர் வீட்டில் எல்லோரும் கூடினோம். வெளியே கணுக்கால் அளவு பனி. முழு ஆல்பமும் ஓடியது. குதிரைக்குச் சிரித்தார்கள், 184 பறவைக்குச் சிரித்தார்கள். 'சைலன்ட் நைட்' தொடங்கியதும் அறை அமைதியானது. சோப்ரானோ அந்த மேல் ஸ்வரத்துக்கு ஏறினார். தரையில் விளையாடிக்கொண்டிருந்த பாஸ்காரரின் நாலு வயது மகள் சட்டென்று தலையைத் தூக்கினாள். பொம்மையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி, ஜன்னல் திரையை விலக்கி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெள்ளைத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள்.